பிள்ளைகளோடு முதன்முறை சிவனொளிபாதமலை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். அதனால் மார்கழி பிறந்துவிட்டால் என் கைபேசி ஓயாது. கொழும்பில் கடை வைத்திருக்கும் தம்பிமார், கண்டியில் குடியேறிவிட்ட சித்தி பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சான்மார் என்று எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மலை ஏறலாமா?" தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். இதில் நான் சொல்லும் ஒரு விடயம் பலருக்குப் பிடிக்காது என்று தெரியும். அது மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

எத்தனை வயதில் கூட்டிப்போகலாம்?

தன் காலால் ஏறி, தன் காலால் இறங்கக்கூடிய வயதில். பொதுவாக ஏழு, எட்டு வயது என்பேன். ஐந்து வயதில் குதித்துக்கொண்டு ஏறிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், பதினொரு வயதில் பாதி வழியில் உட்கார்ந்து அழுத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். வயதைவிடப் பழக்கம் முக்கியம். தினமும் ஒரு மைல் நடந்து பாடசாலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளையையும், வாசலில் வான் ஏறி வாசலில் இறங்கும் பிள்ளையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகிறவர்கள் இருக்கிறார்கள், நான் போக மாட்டேன். நடக்கிற உங்களுக்கு உடம்பு சூடாகிறது. துணிக்குள் அசையாமல் கிடக்கும் குழந்தைக்கு அந்தச் சூடு இல்லை, குளிர் அதைத்தான் முதலில் பிடிக்கும். அதோடு செங்குத்தான படியில் உங்கள் கால் இடறினால் விழுவது இரண்டு பேர்.

எந்த மாதம் நல்லது?

மார்கழிப் போயாவில், அதாவது முழுநிலா நாளில், தொடங்கும் யாத்திரைப் பருவம் வைகாசி மாத வெசாக் போயாவோடு முடிகிறது. அந்த மாதங்களில்தான் வழி நெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், பொலிஸார் நிற்பார்கள். பருவம் முடிந்தபின் தென்மேற்குப் பருவமழை மலையைப் பிடித்துக்கொள்ளும். காற்றும் மழையும் இருட்டுமாக இருக்கிற காலத்தில் பிள்ளைகளோடு அங்கே வேலை இல்லை.

பருவத்துக்குள்ளேயும் தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை ஓரளவு காய்ந்த காலம். சித்திரை விடுமுறை வசதியானது என்று பலர் அப்போது வருகிறார்கள். ஆனால் அந்த மாதத்தில் பிற்பகல் இடிமழை வழக்கம். வருவதானால் பகல் பன்னிரண்டுக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

போயா நாளும் சனி ஞாயிறும் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் பாடசாலைக்கு லீவு போட்டாவது செவ்வாய், புதன் பார்த்து வாருங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மலை எங்கும் போகாது.

இரவில் ஏறி சூரிய உதயம் பார்க்க வேண்டாமா?

வேண்டாம். முதல் முறை பிள்ளையோடு வருகிறவர்கள் பகலில் ஏறுங்கள்.

இதைச் சொன்னால் அண்ணன் தம்பிமாரே கோபித்துக்கொள்கிறார்கள். "உதயம் பார்க்காமல் என்ன சிவனொளிபாதம்?" என்பார்கள். உதயத்தின் அருமை எனக்கும் தெரியும். சூரியன் எழுந்த சில நிமிடங்களில் மலையின் நிழல் மேற்கே மேகத்தின்மேல் கூர்மையான முக்கோணமாக விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்காகப் பிள்ளை கொடுக்கும் விலையைக் கணக்குப் பாருங்கள். நள்ளிரவில் நல்ல தூக்கத்திலிருந்து எழுப்புகிறோம். பஸ்ஸில் ஏற்கெனவே வாந்தி எடுத்துக் களைத்த பிள்ளை அது. இருட்டில் அதன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகிறவரின் கால்தான். ஏற ஏற வியர்க்கிறது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கூட்டம் நின்றுவிடுகிறது. வியர்த்த உடம்போடு காற்றில் நிற்கிறோம்.

என் மூத்த மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது நான் செய்த மடத்தனம் இதுதான். போயா இரவு. மேல்படிகளில் வரிசை இரண்டு மணி நேரம் அசையவில்லை. பிள்ளையின் உதடு வெளிறி, பல் கிட்டத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத ஒரு சிங்கள அம்மா தன் கம்பளியைக் கழற்றி அவனைச் சுற்றிவிட்டு, என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. உச்சியைக் காணாமலே இறங்கினோம். உதயம் எங்களுக்குப் பின்னால் எங்கோ நடந்தது. அதன்பின் நான்கு வருடம் அவன் மலைப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

காலை ஐந்தரை, ஆறு மணிக்கு மலையடி ஊரான நல்லதண்ணியில் ஏறத் தொடங்கினால் இரவில் ஏறியவர்கள் எதிரே இறங்கி வருவார்கள். பத்து மணிக்குப் பின் உச்சியில் கூட்டம் கலைந்துவிடும். வழியில் பிள்ளை தேயிலையைப் பார்க்கும், அருவியைப் பார்க்கும், பின்னால் திரும்பினால் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கீழே தகடுபோலக் கிடக்கும். நிழல் முக்கோணத்தை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதில் தானே "இரவில் போவோம்" என்று கேட்கும்.

எந்த வழியாக ஏறுவது?

நல்லதண்ணி வழி. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தலை, எரத்ன வழிகளும் உண்டு. அவை தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்குவதால் ஏற்றமும் தூரமும் மிக அதிகம்.

ஹட்டன் வரை ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து, அங்கிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக ஏறக்குறைய 33 கிலோமீற்றர். பருவத்தில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ் கிடைக்கும். தூரம் கொஞ்சம்தான் என்றாலும் வளைவுகள் கொஞ்சமல்ல. பிள்ளைக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இஞ்சித் துண்டோ தேசிக்காயோ கையில் இருக்கட்டும். முதல் நாளே வந்து நல்லதண்ணியில் தங்கித் தூங்கி எழுந்து ஏறுவதுதான் சரி. அறை வாடகை ஒரு வீண்செலவு என்று நினைப்பவர்கள், தூங்காத பிள்ளையோடு ஒரு மணி நேரம் நடந்து பார்க்கட்டும்.

எத்தனை படி? எவ்வளவு நேரம்?

உச்சியின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் மேலே ஏற வேண்டும். படிகள் 5,500 என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. எண்ணத் தொடங்கிய பிள்ளைகள் யாரும் முந்நூறைத் தாண்டியதில்லை. பெரியவர்கள் மூன்று, நான்கு மணி நேரத்தில் ஏறுவார்கள். பிள்ளையோடு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் அதட்ட வேண்டியிருக்காது.

தொடக்கம் ஏமாற்றும். தேயிலைக்கும் கடைகளுக்கும் நடுவே சமமான பாதை, இடையிடையே சில படிகள். மகர தோரணம் என்ற அலங்கார வாயிலைத் தாண்டி, ஜப்பானியப் பிக்குகள் கட்டிய வெண்ணிற சமாதானத் தூபியையும் தாண்டியபிறகுதான் மலை தன் வேலையைக் காட்டும். கடைசிப் பகுதியில் படிகள் செங்குத்தாக இருக்கும், பிடித்து ஏற இரும்புக் கைப்பிடி உண்டு. தொடக்கத்தில் ஓடுகிற பிள்ளையை அங்கேயே கட்டுப்படுத்திவிடுங்கள்.

முன்கூட்டியே பழக்க வேண்டுமா?

ஒரு மாதம் போதும். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மேட்டில் வாரம் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, கொழுந்து மலைக்கு அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவதே பயிற்சிதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லவில் சின்ன சிவனொளிபாதமலையில் ஒரு காலைப்பொழுது ஏறிப் பார்க்கலாம். அதில் பிள்ளை முகம் சுளிக்காவிட்டால் பெரியதைப் பற்றி யோசிக்கலாம். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னைத் தோட்டத்து வழியாக லிப்டன் இருக்கை வரை நடப்பதும் நல்ல பயிற்சி. ஹோட்டன் சமவெளியை மட்டும் சிறு பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டேன். உலக முடிவு என்ற இடத்தில் விளிம்புக்கு அப்பால் தரை இல்லை, ஓடித் திரியும் பிள்ளையை அங்கே பிடித்துக்கொண்டிருப்பது மலை ஏறுவதைவிடக் கஷ்டம்.

"எங்கள் பிள்ளை பிதுருதலாகலைக்கே போய்விட்டானே" என்று ஒருவர் சொன்னார். 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரமான மலை, உண்மைதான். ஆனால் அதன் உச்சிக்கு வாகனம் போகிறது.

கனடாவில் பனிச்சறுக்குப் பழகிய பிள்ளைக்கு இது சுலபம்தானே?

இதை ஒரு மச்சான் கேட்டார், நியாயமான கேள்விதான். பனிச்சறுக்கில் மேலே கொண்டுபோய் விடுவது கம்பியில் தொங்கும் நாற்காலி. காலுக்கு வேலை இறங்கும்போதுதான். அதனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தொடை வலு இருக்கும், இறக்கத்தில் நம் பிள்ளைகளை முந்திவிடுவார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கி, "நாற்காலி எங்கே?" என்று கேட்பார்கள். அங்கே போடும் தடித்த பனிச்சட்டையை இங்கே கொண்டுவந்து ஏறும்போதே போட்டுவிட்டால் உள்ளே குளித்துவிடும். உச்சியில் மட்டும் போடட்டும்.

என்ன உடுப்பு?

உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். கீழே இதமாக இருக்கும் காலை, மேலே காற்றோடு சேர்ந்து பல் நடுங்க வைக்கும். விடியற்காலையில் உச்சியில் 10 பாகைக்குக் கீழே போவதும் உண்டு.

தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று நல்லது. உள்ளே ஒரு கைவைத்த பனியன், மேலே சுவெட்டர், அதற்கு மேலே காற்றையும் தூறலையும் தடுக்கும் சட்டை. ஏறும்போது கழற்றுங்கள், நின்றவுடன் போடுங்கள். பிள்ளை "குளிருது" என்று சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. என் அனுபவத்தில் பிள்ளைகள் அதைத் தாமதித்துத்தான் சொல்வார்கள். மாற்றுப் பனியன் ஒன்று கட்டாயம் வேண்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே ஏதாவது கடையில் உட்காரவைத்து வியர்த்ததை மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. என் மகனின் அந்த இரவில் பையில் இல்லாமல்போனது அந்த ஒரு பனியன்தான்.

காலுக்குப் பழகிய சப்பாத்து. புதுச் சப்பாத்து கொப்புளம் போடும், இரப்பர் செருப்பு இறக்கத்தில் வழுக்கும். காலுறை மூன்று சோடி கொண்டுவாருங்கள். உச்சியில் கோயில் முற்றத்தில் பாதணி கழற்ற வேண்டும், அந்தக் கல் ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். காய்ந்த தடித்த காலுறையோடு நின்றால்தான் பிள்ளை சாமி கும்பிடும், இல்லாவிட்டால் ஒற்றைக் காலில் நின்று அழும்.

சாப்பாடு?

ரொட்டியும் கட்டசம்பலும் வாழையிலையில் கட்டி. மலை வழியில் மாமிசம் வேண்டாம் என்பது யாத்திரிகர் வழக்கம், நாமும் மதிப்போம். நிறையச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கித்துள் கருப்பட்டித் துண்டு, கச்சான், வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிள்ளை காரணமில்லாமல் சிணுங்கத் தொடங்கினால் அநேகமாக அது பசி. தண்ணீரோடு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கற் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் பிளேன்ட்டீ, ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஏற ஏற விலையும் ஏறும். கோபப்படாதீர்கள். அந்தச் சோடாப் போத்தல் யாரோ ஒருவரின் தலையிலும் தோளிலும் ஏறி வந்தது. பிள்ளைக்கு அதைக் காட்டுங்கள்: எதிரே மூட்டையோடு வருகிறவருக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். பொலித்தீன், பிளாஸ்டிக் குப்பை எதையும் போட்டுவிட்டு வராதீர்கள். இந்தக் காடு 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அதைவிட நெருக்கமான காரணம் ஒன்று வேண்டுமானால், இங்கே ஓடும் தண்ணீர் மஸ்கெலி ஓயா வழியாக மவுஸ்ஸாகலையில் சேர்ந்து, பின்பு களனி கங்கையாகிறது. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி களனியிலிருந்துதான். கொழும்புப் பிள்ளை இங்கே போடும் ரொபித் தாள் அதன் வீட்டுக் குழாய்ப் பக்கமாகத்தான் பயணம் செய்கிறது.

அட்டை, சிறுத்தை?

பருவத்தில் இந்தப் படிவழியில் அட்டை குறைவு. மழை பெய்தால் சப்பாத்தைச் சுற்றிச் சவர்க்காரம் தேயுங்கள். கடித்தால் இழுக்காமல் நகத்தால் ஓரமாக நெம்பி எடுத்துவிடலாம். சிறுத்தை காட்டில் உண்டு, மனிதர் நெரியும் இந்த வழிக்கு வருவதில்லை. எனக்குப் பயம் நாய்களைத்தான். உச்சி வரை கூடவே வரும், பார்க்கப் பாவமாக இருக்கும். பிள்ளைகள் தடவவும் ஊட்டவும் விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, இறங்கியவுடன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "சின்னக் கீறல்தானே" என்று விடக் கூடாது.

உயரத்தால் மூச்சுத் திணறுமா?

உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான். இங்கே மூச்சு வாங்குவது ஏற்றத்தால். இழுப்பு உள்ள பிள்ளையானால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். இன்ஹேலர் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், அடிப்பையில் புதைந்து கிடக்க வேண்டாம். அவசரத்துக்கு அம்புலன்ஸ் எண் 1990.

நடுவழியில் "முடியாது" என்று உட்கார்ந்துவிட்டால்?

முதலில் நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லாதீர்கள். அந்தப் பொய்யைப் பிள்ளை ஒருமுறைதான் நம்பும். தின்னக் கொடுத்து, உடுப்பைத் தொட்டுப் பார்த்து, பத்து நிமிடம் கழித்து "அந்தத் தேநீர்க் கடை வரை போவோமா?" என்று கேளுங்கள். உச்சியைக் காட்டாதீர்கள், அடுத்த கடையைக் காட்டுங்கள். எதிரே இறங்கி வருகிறவர்கள் "கருணாவாய்" என்று வாழ்த்துவார்கள். பிள்ளையும் திருப்பிச் சொல்லட்டும். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் ஊன்றுகோலோடு வாழ்த்திவிட்டுப் போனால், எட்டு வயதுக்கு ரோசம் வரும்.

அதற்குப் பிறகும் முடியாது என்றால் திரும்புங்கள். நடுக்கம் நிற்காவிட்டால், பேச்சுக் குழறினால், அளவுக்கு மீறித் தூங்கி விழுந்தால், கேள்வியே கேட்காமல் திரும்புங்கள். நேர்த்திக்கடனாக இருந்தால் அதைப் பெரியவர்களில் ஒருவர் மேலே போய்ச் செலுத்தட்டும், மற்றவர் பிள்ளையோடு இறங்கட்டும். அதனால் ஒருவர் மட்டும் பிள்ளையைக் கூட்டி வரக் கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும்.

இறங்குவது சுலபம்தானே?

இல்லை. ஏற்றத்தில் மூச்சு போகும், இறக்கத்தில் முழங்கால் போகும். பெரியவர்களின் உயரத்துக்குப் போட்ட படி பிள்ளைக்கு ஒரு குதி. களைத்த கால் அந்தக் குதியில் மடங்கும். பெரியவர் ஒரு படி முன்னால், பிள்ளையின் கை உங்கள் தோளில். பந்தயம் வேண்டாம். டோர்ச் லைட்டைப் பகலிலும் பையில் வையுங்கள், இறக்கம் நினைத்ததைவிட நீளும். அன்றிரவு காலில் சித்தாலேப தைலம் தேய்த்துவிட்டுத் தூங்க வையுங்கள். மறுநாள் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள், அடுத்த இரண்டு நாள் படியைக் கண்டாலே அழும்.

கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?

கண்ணைப் பறிக்கும் நிறத்தில் தொப்பி. சட்டையின் உள்பக்கம் உங்கள் கைபேசி எண். "எங்களைக் காணாவிட்டால் மேலேயும் போகாதே, கீழேயும் போகாதே, பக்கத்துக் கடைக்குள் போய் உட்கார்" என்று கிளம்பும் முன்பே சொல்லிக்கொடுங்கள். கடைக்காரர் பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்.

உச்சியிலுள்ள பாதச்சுவடு யாருடையது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

கட்டாயம் கேட்கும். சிவனுடையது என்று நாங்கள் சொல்கிறோம், புத்தருடையது என்று பௌத்தர்கள், ஆதமுடையது என்று முஸ்லிம்கள். தோமையாருடையது என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு. 1344ஆம் ஆண்டளவில் மொரோக்கோப் பயணி இபின் பதூதாவும் இந்த மலை ஏறியிருக்கிறார். என் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ எல்லாரும் ஒரே சைஸா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் முறை ஏறுகிறவர்களுக்குத் தனிச் சடங்கு உண்டா?

உண்டு. முதல் முறை வருகிறவரைச் சிங்களத்தில் 'கோடு' என்பார்கள். சீத கங்குல என்ற ஓடையில் குளித்து, முடியாவிட்டால் முகம் கைகால் கழுவி, மேலே போவது வழக்கம். அந்தத் தண்ணீரில் பிள்ளையைக் காலையில் முழுக்காட்டாதீர்கள், முகம் கழுவினால் போதும். இந்திகட்டுபான என்ற இடத்தில் புத்தர் தம் காவியைத் தைத்தார் என்பது நம்பிக்கை. அங்கே ஊசியும் நூலும் வைத்துப் போவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மலையிலேயே பிடித்த இடம் அதுதான். நூலை ஊசியில் கோர்க்கும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிட்டு நீங்கள் மூச்சு வாங்கலாம்.

உச்சியில் மணியை எத்தனை முறை அடிப்பது?

எத்தனை முறை மலை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை முறை. முதல் தடவைக்கு ஒன்று.

என் மூத்தவன் பத்து வயதில், பகலில், தானே சம்மதித்து வந்து ஏறியபோது இதில் ஒரு சிக்கல் வந்தது. ஆறு வயதில் மேலே வராமல் திரும்பியதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டான். உச்சியைத் தொட்டால்தான் கணக்கு என்றேன். "அவ்வளவு தூரம் நடந்தேனே, குளிரில் நின்றேனே" என்று வாதாடினான். பின்னால் வரிசை காத்திருந்தது. கயிற்றைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்தான். மணியின் அதிர்வு அடங்கியதும், எட்டி அதன் விளிம்பில் விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படி இறங்கத் தொடங்கினான்.